நகத்தால் கிள்ளு

மாலக்கிக்கு ஒரே கேள்விதான்:
"இந்த ரெண்டில் எது எனக்குச் சாதகம்?"

ராஸ்காமனில் ஜூலை. மூன்று நாளாய் விட்டு விட்டு மழை.
கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் டிம்ஃப்னா,
ரப்பர் பூட்ஸோடு, கைகட்டி, பேசாமல்.
வடிகாலை அவள் தூர்வாராமல் விட்டதால்
மூன்று வருடத்தில் தன் மேய்ச்சல் நிலம் சதுப்பானது என்கிறான் இவன்.
நீ வாங்கும்போதே சதுப்பு என்கிறது
அவள் வக்கீலின் கடிதம்.
நடுவில் நான்,
முழங்காலில், ஒரு லென்ஸோடு.

மஞ்சள் பூ இரண்டுக்கும்.
குளோவர் மாதிரி மூன்றிலை இரண்டுக்கும்.
மூன்று என்று எண்ணி நிறுத்திவிடுவோம்;
காம்படியில் இன்னும் இரண்டு
தண்டோடு ஒட்டி இருப்பது பிறகுதான் தெரியும்.
முற்றிய காய்கள் விரல் விரித்து நிற்கும்.
பறவைக்கால் என்பது அதனால் வந்த பெயர்.

மேட்டுச்செடியின் மொட்டில்
புல்லிப் பற்கள் நிமிர்ந்து ஒட்டியிருக்கும்.
ஈரத்துச்செடியில் வெளியே மடங்கும்.
லென்ஸை நீட்டினேன்.
"கொசு தெரிகிறது" என்றான்.

சரி, நகத்தால் கிள்ளு.
உள்ளே கெட்டியா? மேட்டுச்செடி.
குழலா? நனைந்த காலோடு வாழப் பழகியது.

வடிகாலோரம் எல்லாம் குழல்.
தோண்டினால் மண்ணுக்கடியில் ஓடுதண்டுகள்
கைநீளத்துக்கு, சடை சடையாய்.
மூன்று வருடத்தில் இவ்வளவு ஓடாது என்றேன்.
டிம்ஃப்னா கையை அவிழ்க்கவில்லை, ஆனாலும்
பூட்ஸ் ஒரு அடி முன்னே வந்தது.

இருபது தப்படி தள்ளி, கோரைக்கு நடுவே
கெட்டித்தண்டு ஒன்று.
ஆணிவேர் கறுத்து அழுகியிருந்தது;
மேலே ஒரு பூ, சிவப்புக் கீற்றோடு.
இங்கே ஒருகாலத்தில் உலர்ந்திருக்கிறது.
அதையும் எழுதிக்கொண்டேன்.

இடையில் ஒன்றைக் கிள்ளினேன்.
ஊசி நுழையாத துளை.
பற்கள் பாதி நிமிர்ந்து, பாதி மடங்கி.
கேள்விக்குறி போட்டேன்.
"இதற்கெல்லாமா உனக்குக் கூலி?" என்றான் மாலக்கி.
பறித்த இரண்டு வகையையும்
ஒரே சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு.

கம்பி கிறீச்சிட்டது.
டிம்ஃப்னா இந்தப் பக்கம் வந்து குனிந்திருந்தாள்,
கட்டைவிரல் நகம் பச்சையாக.
"குழல்" என்றாள். நகர்ந்தாள். "குழல்."
இன்னும் கொஞ்சம் மேலே ஏறி,
"இது கெட்டி."
யாருக்கு என்று சொல்லவில்லை.

மாலக்கி விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.
என் இடது பூட்ஸுக்குள்
எப்போதோ தண்ணீர் புகுந்திருந்தது.