மழை பெய்யாத வீட்டுக்குக் கூரை

டுலூத்தில் இருபத்திரண்டு வருடம்
கூரை போட்டவன் நான்.
அக்டோபர் கடைசியில்
லூத்தரன் தேவாலயத்தின் வடக்குச் சரிவில்
கண்ணுக்குத் தெரியாத பனியை மிதித்தேன்.
இடுப்பில் இப்போது ஆறு திருகாணி.

எட்டு வாரம் ஏணிப் பக்கம் போகக்கூடாது.
சமையலறை மேசையோடு சரி.
மேசைமேல் ஒரு பொம்மை வீடு,
அதே தேவாலயத்தின் பழம்பொருள் விற்பனையில்
ஆர்லிஸ் நாலு டாலருக்கு வாங்கியது.
மொட்டைப் பலகை. பின்சுவர் கிடையாது.
"கை சும்மா இருந்தால்
உனக்கு வாய் சும்மா இருக்காது"
என்று வைத்துவிட்டு
ஆஸ்பத்திரிக்கு இரவுப் பணிக்குப் போனாள்.

குட்டி ஓடு ஒரு பை முப்பது டாலராம்.
அந்தக் கணக்கில் நான் கூலி கேட்டிருந்தால்
இந்த ஊரில் பாதிப் பேர்
வானத்தைப் பார்த்துத் தூங்கியிருப்பார்கள்.
அதனால் காகிதம்.

முதல் சுவர் பாழ்.
வெள்ளைப் பசையைத் தாளில் தாராளமாகப் பூசினேன்,
அம்மை போட்ட மாதிரி கொப்புளித்தது.
பிறகுதான் பிடிபட்டது:
பசை சுவருக்கு, தாளுக்கு இல்லை.
நடுவிலிருந்து ஓரத்துக்கு
காலாவதியான வங்கி அட்டையால் நீவ வேண்டும்.
அவசரப்படக் கூடாது.
அவசரப்பட எனக்கு என்ன இருக்கிறது.

சுவர்த்தாள் தபாலில் வந்தது.
காப்பீட்டுக் கம்பெனி உறையின் உட்புறம்
பொடிப்பொடியாக நீலக் கட்டம்;
உள்ளே இருந்த கடிதத்தைவிட நயம்.
என் விண்ணப்பத்தை மறுத்து
மூன்று முறை எழுதினார்கள்.
கூடத்துக்கு மூன்று சுவர் ஆயிற்று.
நாலாவது இந்த வீட்டில் இல்லை,
இனி அவர்கள் சிரமப்பட வேண்டாம்.

மளிகைப் பையைக் கசக்கிக்
காப்பித் தண்ணீரில் முக்கி உலர்த்தினேன்,
படிப்பறைத் தரைக்குத் தோல்.
முட்டை அட்டையைக் கிழித்துச்
சாம்பல் பூசினேன்,
புகைபோக்கிக்குக் கல்.

ஹார்டுவேர் கடையில்
வண்ண மாதிரி அட்டைகள் இலவசம்.
ஊன்றுகோலில் சாய்ந்தபடி
ஒரே பச்சையில் பத்தொன்பது உருவினேன்.
கல்லாவிலிருந்த பையன், சட்டையில் எம்மெட் என்று பெயர்,
"எந்த அறைக்கு சார்?" என்றான்.
குளியலறை.
"எவ்வளவு பெரிசு?"
ஒரு சாண் விரித்துக் காட்டினேன்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
உள்ளே போய், விற்பனை நின்ற வண்ணங்கள்
ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தான்.
கட்டம் கட்டமாக வெட்டி ஒட்டி
மேலே நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு கை.
பீங்கான் கெட்டது போங்கள்.

கூரையைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.
எண்பதாம் நம்பர் உப்புத்தாள், கறுப்பு.
தூரத்திலிருந்து பார்த்தால் தார் ஓடேதான்.
ஆர்லிஸின் நல்ல கத்தரிக்கோல் மழுங்கிவிட்டது.
இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

இறவாணத்தில் தொடங்கி, கீழிருந்து மேலாக,
ஒவ்வொரு வரிசையும்
முந்தைய வரிசையின் தலையை மூடும்படி,
இணைப்புக்கு நேர்மேலே இணைப்பு வராதபடி.
மேலிருந்து ஒட்டியிருந்தால் பாதி வேலை.
யார் கண்டார்கள்?
இந்த வீட்டின்மேல் மழை பெய்யாது.
ஏரிக்காற்று இதைப் பிய்க்காது.
ஆனாலும் மேலிருந்து ஒட்டக் கை வரவில்லை.

முகட்டுக்கு இரண்டே ஓடு பாக்கி.
காலடியில் சட்டென்று சரிவு.
மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.
உட்கார்ந்துதான் இருந்தேன்.
குளிர்பெட்டி உறுமி நின்றது.
மிச்ச இரண்டையும்
மறுநாள் இரவு ஒட்டினேன்.

காலை ஏழேகால்.
பூட்ஸில் பனியோடு ஆர்லிஸ் வந்தாள்.
கோட்டைக் கழற்றாமல் குனிந்தாள்,
கூரையைப் பார்க்கவில்லை, கூடத்தைப் பார்த்தாள்.
"அந்த மூலையில் கொப்புளம்."
சுண்டுவிரலால் அழுத்தினாள்.
அமுங்கியது, திரும்பவும் எழுந்தது.
அங்கே அலமாரி வரும் என்றேன்.
சரி என்றாள்.
பிறகு
கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்தாள்.