முந்தைய காசு

மீனாட்சிபுரத்தில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் என் கடை.
அந்தப் பக்கம் லாட்டரி விற்றால் கேஸ்.
பொள்ளாச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்கள்
சீட்டை நாலாக மடித்து உள்பாக்கெட்டில் வைத்து
செக்போஸ்ட் தாண்டும்போது மட்டும்
கோயிலுக்குப் போய்த் திரும்புகிற முகம் வைத்துக்கொள்வார்கள்.

விஷு பம்பருக்கு ஒருவர்
பிள்ளையின் உண்டியலை உடைத்துக்கொண்டு வந்தார்.
முந்நூறும் ஒற்றை ரூபாய்.
எண்ணிக்கொண்டே வந்த விரல்
ஒன்றில் நின்றது.

ஒரு பக்கம் சிங்கம்.
திருப்பினால் அங்கேயும் சிங்கம்,
மேடாக அல்ல, பள்ளமாக,
எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரண்டு.
ஒன்று என்கிற எண் இல்லை. கதிர் இல்லை. வருஷம் இல்லை.
வருஷத்துக்குக் கீழே
எந்த ஊரில் அடித்தது என்று காட்டும் நட்சத்திரமோ புள்ளியோ
எதுவும் இல்லை.
ரூபாய் என்று நாமாக நம்பினால்தான் ரூபாய்.

கொழிஞ்சாம்பாறை அபுதாகிர் வியாழக்கிழமை வந்தார்,
சட்டைப் பையில் லென்ஸ், மஞ்சப்பையில் நகைத் தராசு.
நான் எடுத்துவைத்ததில் பாதியைத் தள்ளிவிட்டார்.
இது ஆசிட்டில் போட்டது. இது தண்டவாளத்தில் வைத்தது.
இது ஓரம் கடித்த தகடு, இருபது ரூபாய் தரலாம்.
இதை மட்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"வைஸில் வைத்து இறுக்கினாலும் பள்ளம் விழும்.
ஆனா மறுபக்கத்துச் சிங்கத்துக்கு மூக்கு நசுங்கிடும்.
இதுக்கு மூக்கு இருக்கு."

பிறகு, டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:
அடித்த காசு அச்சை விட்டுக் கீழே விழணும்.
சிலது விழாது, ஒட்டிக்கொள்ளும்.
அது தெரியாமல் அடுத்த தகடு வந்து படுக்கும்.
அடி விழும்.
முன்னால் போனதின் முகம்
பின்னால் வந்ததில் குழியாக.

என் டீயில் ஆடை படிந்துவிட்டது.

மயிலாத்தாள் எனக்கு வைத்த பேர் இல்லை.
எனக்கு முன்னால் பிறந்து
பதினோரு மாசம் இருந்தவளுடையது.
அவள் போனதை யாரும் எழுதிவைக்கவில்லை,
நான் வந்ததையும்.
பஞ்சாயத்துக் கணக்கில் எனக்கு ஒன்றரை வயசு கூடுதல்.
முதியோர் பென்ஷன் அதனால் சீக்கிரமே வந்தது.
முதல் பணத்தில் மிக்ஸி வாங்கினேன்.
யாருடைய பணம் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

ஆயிரத்து இருநூறு என்றவர்
ஐந்நூறுக்கு ஏறினார்.
இருங்கள், வருகிறேன் என்று பின்பக்கம் போனேன்.
குழாயடியில் ஊறிக் கிடந்த சந்திரிகா சோப்பில்
பள்ளத்துப் பக்கத்தை அமுக்கி
மெல்ல எடுத்தேன்.

எழுந்து நின்றது
முந்தைய காசு.
சிங்கம் சரியான திசை பார்த்து,
எழுத்து நேராக, படிக்கிற மாதிரி.

முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்ததைப் பார்த்து
அய்யோ துடைக்காதீங்கம்மா என்று அலறினார்.
நூறு குறைத்தார். வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சோப்பு ஒன்பது நாள் வந்தது.
முதலில் எழுத்து கரைந்தது, அப்புறம் பிடரி.
மறுபக்கத்தையே தேய்த்துப் பார்த்தேன், முடிந்த மட்டும்.
கடைசி இரண்டு நாள்
விரலுக்கு மட்டும் தெரிகிற ஒரு மேடு.
அதையும் முகத்துக்குத்தான் போட்டேன்.