போன வியாழன் நான் சொன்னது

ராயக்கோட்டை நடுநிலைப் பள்ளி,
ஆறாம் வகுப்பு ஆ பிரிவு, இரவு ஏழரை.
பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்கப்
பதினொரு பேர்.
மண்டியிலிருந்து நேரே வந்தவர்களின் விரலில்
தக்காளிக் காம்பின் பச்சைக் கறை.
தொடுதிரை சில நேரம்
அந்த விரலை மதிக்காது.

போன வியாழன் இதே கரும்பலகையில்
சின்னதாய் ஒரு பூட்டு வரைந்தேன்.
முகவரிக்கு முன்னால் இது இருந்தால்
பயமில்லை என்றேன்.
எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்
தர்மபுரியில், இரண்டு நாள் பயிற்சியில்,
மதியச் சாப்பாட்டோடு.

இன்று திம்மராயன் எழுந்து நிற்கிறார்.
எழ வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியாயிற்று.
போனை என் பக்கம் திருப்புகிறார்.
சொட்டுநீர்க் குழாய், முழு மானியம்,
பதிவுக் கட்டணம் மட்டும்
இரண்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.
கோபுரம் இருக்கிறது.
பல் தெரியச் சிரிக்கும் உழவர் இருக்கிறார்.
"பூட்டு இருந்துச்சுங்க டீச்சர்.
பாத்துட்டுத்தான் கட்டினேன்."

குரலில் குற்றச்சாட்டு இல்லை.
இருந்திருக்கலாம்.

பூட்டு சொல்வது இவ்வளவுதான்:
நீ அனுப்பும் கடிதத்தை
வழியில் எவனும் பிரித்துப் படிக்க மாட்டான்.
போய்ச் சேரும் வீடு யாருடையது,
அது சொல்லாது.
இதை நான் திங்கட்கிழமை தெரிந்துகொண்டேன்,
வேறெதையோ தேடும்போது.
வியாழன் வரட்டும், வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம்
என்றிருந்தேன்.
அவர் செவ்வாய்க்கிழமை கட்டியிருக்கிறார்.

அதையும் சொன்னேன். கிழமையோடு.

"கள்ளன் வூட்டுக்கும் பூட்டு இருக்குமில்ல"
என்றாள் கெம்பம்மா. சிரித்தது அவள் மட்டும்.
பிறகு போனை வாங்கி
முகவரியை வாலிலிருந்து எழுத்துக் கூட்டினாள்.
முன்னால் 'கவ்' இருந்தது.
வால் வேறெங்கோ போனது.
கீழே ஒரு தொடர்பு எண்,
எண்ணிப் பார்த்தால் ஒன்பதே இலக்கம்.
"ஏன்யா, ஒத்த மண்டியில கேட்டு
வெல முடிப்பியா நீ?"
"கவர்மெண்டுன்னு நெனச்சேன்க்கா."
"கவர்மெண்டு எப்பய்யா
சிரிச்ச மூஞ்சியோட வந்துச்சு?"

இப்போது எல்லோரும் சிரித்தார்கள்.
திம்மராயனும், கொஞ்சம்.

1930-க்கு அடிக்கலாம் என்றேன்,
மூன்று நாள் ஆகிவிட்டது, இருந்தாலும்.
எண்ணைப் பலகையில் பெரிதாய் எழுதினேன்.
"அந்த நம்பர் சரின்னு
எப்படித் தெரியும்?"
கெம்பம்மாதான்.

மூன்று மாதமாய் இந்த அறையில்
நான் எழுதியதையெல்லாம் நோட்டில் ஏற்றியவர்கள்.
பூட்டைக்கூட வரைந்துகொண்டார்கள், அளவு மாறாமல்.
யாரும் இதைக் கேட்டதில்லை.

சாக்பீஸை வைத்துவிட்டு
முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.
தேடினோம்.
பேங்க் அனுப்பிய செய்தியில்
கடைசி வரியில் இருந்தது.
பர்வீனின் தம்பி ஸ்டேஷன் பக்கம் போய்
சுவரில் ஒட்டியதைப் படமெடுத்து அனுப்பினான்,
பாதியில் அவன் கட்டைவிரல்,
மீதியில் அதே நான்கு இலக்கம்.
"இப்ப அடிங்க."

பலகையிலிருந்த பூட்டை அழித்தேன்.
தடம் முழுதாய்ப் போகவில்லை.
காலையில் ஆறாம் வகுப்பு
அதன்மேல் பின்னம் போட்டுக்கொள்ளும்.

ஸ்பீக்கரில் ஏதோ இசை.
வரிசையில் இருக்கிறீர்கள் என்றது ஒரு குரல்,
இந்தியில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை.
பன்னிரண்டு பேர் காத்திருந்தோம்.
திம்மராயன் இன்னும் உட்காரவில்லை.