ஆறாம் எண் மாதிரி

சுங்கை காடுட் கிடங்கில்
எட்டு நாற்காலிகளைத் துடைத்து நிறுத்தி
மாப்பிள்ளை வீட்டாரைப்போல
என்னை வரவேற்றார் ஹோக் செங்.
காப்பிகூட வந்தது. பஜ்ஜிதான் இல்லை.
ஒவ்வொன்றிலும் உட்கார்ந்தேன்.
ஒன்று முனகியது, ஒன்று கிரீச்சிட்டது.
நான்காவது எதுவும் சொல்லவில்லை,
பின்கால் இரண்டும் மெல்ல அகன்றன.
அதுதான் பயமாக இருந்தது.

நூற்றைம்பது கிலோ தாங்கும் என்றார்.
தாங்கும்.
ஆனால் எங்களிடம் வருபவர்கள்
வெறும் எடையாக வருவதில்லை.
பின்னிரு காலில் ஆடியபடி
பந்தாட்டம் பார்க்கிறார்கள்,
கோல் விழுந்தால் மேலே ஏறுகிறார்கள்.
பிள்ளையை அதில் நிற்கவைத்து
சட்டை மாற்றுகிறார்கள்.
மின்விசிறி துடைப்பவர்
அதை ஏணி என்றே அழைக்கிறார்.

யீஷூன் உணவங்காடிக்கு
இருநூற்று நாற்பது வேண்டும்.
மூன்று மணிக்கு மேல்
மேற்குப் பக்க மேசைகளில் வெயில் வந்து உட்காரும்,
யாராலும் எழுப்ப முடியாது.
போன முறை வாங்கிய சிவப்பு
ஒன்றரை ஆண்டில் பல்பொடி நிறத்துக்கு வந்தது.
விரலால் தேய்த்தால் பொடியும் வந்தது.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
மீ சியாம் தட்டோடு தரைக்குப் போனார்
எதிர் புளோக்கிலிருந்து வரும் திரு. ஸைனுடின்.
அவருக்கு ஒன்றுமில்லை, சட்டைக்குத்தான்.
மன்னிப்புக் கடிதத்தை நான் எழுதினேன்.

அதனால் கேள்விகளோடு வந்திருந்தேன்.
நிறம் மேலே பூசியதா, உள்ளேயே கலந்ததா?
கழுவிய நீர் வடிய இருக்கையில் ஓட்டை உண்டா?
காலின் ரப்பர் கழன்றால் தனியாகக் கிடைக்குமா?
"கேன், கேன்" என்றார் ஹோக் செங்.
எந்தக் கேன் எந்தக் கேள்விக்கென்று
எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

நாற்காலி ஆசை என்று பத்திரிகைகளில் எழுதுவார்கள்.
அதற்காகக் கட்சி உடையுமாம்.
எங்கள் ஊரில் ஒரு டிஷ்யூ பாக்கெட் போதும்.
வைத்துவிட்டு வரிசைக்குப் போனவர்
பிஷ்பால் மீயோடு திரும்பும்வரை
அந்த ராஜ்யம் காலியாகவே கிடக்கும்.

ரொஸ்னா வந்தது என் யோசனை இல்லை.
பழையவற்றை இறக்கிப் போட
லாரியில் ஏறியிருந்தாள்.
அவள் எதிலும் உட்காரவில்லை.
ஒரே மாதிரியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.
நான்கு. தூக்கினாள். வைத்தாள்.
ஐந்து.
உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனாள்.
ஆறாம் எண்ணில் ஆறு தூக்கி
கதவுவரை நடந்து திரும்பி
மேலேயிருந்து ஒன்றை உருவினாள்.
சத்தமில்லாமல் வந்தது.
இரவு பதினொன்றுக்கு
ஒட்டிக்கொண்ட இரண்டை
முழங்கால் கொடுத்துப் பிரிப்பவள்
மறுபடி அடுக்கி, மறுபடி உருவிப் பார்த்தாள்.

"இனி" என்றாள்.
மலாயில் அதற்கு 'இது' என்று பொருள்.
எனக்குத் தமிழிலும் கேட்டது.

ஆறாம் எண்
ஒன்றுக்கு நான்கு வெள்ளி இருபது காசு அதிகம்.
இருநூற்று நாற்பதால் பெருக்கினேன்,
சரியாக ஆயிரத்தெட்டு வெள்ளி.
கணக்குப் பிரிவின் இளங்கண்ணி
வெள்ளிக்கு ஒன்றாகக் கேள்வி கேட்பாள்.
என்ன எழுதுவது?
'உட்கார வசதி' என்று எழுதினால் பொய்.
ஐந்தாவதுதான் வசதி,
அதில் எனக்கு எழவே மனமில்லை.
'தூக்க வசதி' என்ற கட்டம்
படிவத்தில் இல்லை.

'மற்றவை' என்ற இடத்தில்
இரண்டு வரி எழுதினேன்.
நிறம் சாம்பல் என்றேன்,
சிவப்பைத் தவிர எதுவும் என்ற அர்த்தத்தில்.

மேசை இல்லாததால்
நாற்காலிமேல் வைத்தே கையெழுத்திட்டேன்.
நீர் வடியும் ஓட்டையில்
பேனா சட்டென்று இறங்கியது.
மூன்று நகலிலும்
என் பெயரின் நடுவே
ஒரு பொத்தல்.