அறுபது வரை

மண்டபம் கடைத்தெருவில், ஐஸ் கம்பெனிக்கு எதிரே,
என் நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள் நம்புச்செல்வி.
வயது முப்பத்தொன்று. ஊர் சின்னப்பாலம்.
பாசி எடுக்காத நாற்பத்தைந்து நாளில்
பல்லுக்குக் கம்பி போட வந்திருக்கிறாள்,
முதல் தவணையைப் பிளாஸ்டிக் கவரில் சுருட்டி,
நூறும் ஐம்பதுமாய்.
"இந்த வயசுல எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க."
நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ,
இன்றுவரை தெரியாது.

நுரைக்கல் தூளைத் தண்ணீரில் குழைத்து
ரப்பர் கிண்ணம் சுழலச் சுழல
ஒவ்வொரு பல்லாய்த் தேய்க்கிறேன்.
டீக்கறை போகிறது.
முன்பல் இரண்டிலும் உள்ள பழுப்புத் திட்டுகள் போகவில்லை.
அது அழுக்கில்லை.
பல் முளைக்குமுன்பே
அவள் பிறந்த ஊர்க் கிணறு எழுதி வைத்தது.
அப்படிப்பட்ட எனாமல் அமிலத்துக்குச் சுலபத்தில் இளகாது.
மற்றவர்களுக்கு முப்பது நொடி,
இவளுக்கு அறுபது.

கன்னத்தை விலக்கும் வளையத்தை மாட்டியதும்
யாருமே சிரிக்காத ஒரு சிரிப்பு
முகத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.
எச்சில் உறிஞ்சும் குழாய் களகளக்கிறது.
நீலக் களிம்பைப் பல்லுக்கொரு பொட்டாய் வைக்கிறேன்.
"நாக்கு படக்கூடாது. மூக்கு வழியா மட்டும் மூச்சு.
வாய் மூச்சு பட்டா ஈரம் ஏறிடும்,
மறுபடி முதல்லேர்ந்து."

கண்ணை மூடினாள்.
மூக்கும் அசையவில்லை.

பத்து. இருபது.
கடிகாரத்தைப் பார்க்கிறேன், அவள் நெஞ்சைப் பார்க்கிறேன்.
முப்பது.
"மூச்சு விடுங்கம்மா."
மடியிலிருந்த கை லேசாக உயர்ந்து ஆடியது: பொறு.
விரல்களில் பாறை கிழித்த பழைய கோடுகள்,
துணி சுற்றிச் சுற்றி வெளிறிய நுனிகள்.
வெளியே மினிலாரியில் ஐஸ் பாளங்கள் சறுக்கி இறங்குகின்றன.
ஐம்பது.
அறுபது ஆகித் தண்ணீர் பீய்ச்சும்போதுதான்
மெல்ல, மூக்கு வழியே, விட்டாள்.
எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

இந்தக் கரையில் காற்றை நம்ப முடியாது.
கம்ப்ரஸரின் வயிற்றில் தினமும் அரை டம்ளர் தண்ணீர் சேரும்.
காலையிலேயே வடித்தாயிற்று. இருந்தாலும்
முதலில் வாய்க்கண்ணாடியில் ஊதிப் பார்த்தேன்,
புள்ளி விழவில்லை. பிறகே பல்லில்.
பளபளப்பு செத்து வெளுத்தது எனாமல்:
கடலை விட்டு ஏறி வெயிலில் நிற்பவளின் முழங்கையில்
உப்புப் பூக்குமே, அந்த வெள்ளை.

பூச்சு. பசை. பிராக்கெட். நீல வெளிச்சம்.
இடது பக்கம் நாலாவது பல்லுக்குப் போகையில்
கரன்ட் ஆபீஸிலிருந்து போன்.
கண் அந்தப் பக்கம் போன நேரம் பஞ்சு நழுவி
ஒரு சொட்டு எச்சில்.
பார்த்தேன். துடைத்தேன். ஊதினேன்.
மறுபடி அமிலம் வைத்திருக்க வேண்டும்.
மணி ஒன்றரை. வைக்கவில்லை.

வளையத்தைக் கழற்றியதும் தாடையைத் தடவிக்கொண்டே கேட்டாள்,
"அந்த நீல மருந்து எதுக்கு?"
"பல்லு வழுவழுப்பா இருந்தா பசை பிடிக்காதும்மா.
கண்ணுக்குத் தெரியாம குழி குழியா..."
முடிக்க விடவில்லை.
"வழுக்குப் பாறையில மரிக்கொழுந்துப் பாசி நிக்காது.
சொரசொரப்புல நிக்கும்.
இழுத்தா நம்ம தோல்தான் வரும்."
ஐந்து வருடம் படித்ததை
இரண்டு மூச்சில் சொல்லிவிட்டுப் போனாள்.

பாசிக்காலம் தொடங்கிய மூன்றாம் நாள்
தலை ஈரத்தோடு வந்து நின்றாள்.
"நாலாவது முங்குல பல்லக் கடிச்சேன், கழண்டுருச்சு."
கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது, இடது நாலு.
திருப்பிப் பார்த்தேன்:
பசை முழுக்க அதன் முதுகில்.
பல் துடைத்துவைத்த மாதிரி இருந்தது,
பிடித்திருந்ததற்கு ஒரு தடமும் இல்லாமல்.

"நான் ஏதும் தப்பா கடிச்சுட்டேனா?"
"இல்ல. தப்பு என்னோடது."
ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள்.
காசு வாங்க மாட்டேன் என்றேன்; அதற்குத் தலையாட்டினாள்.

போனை அணைத்து மேசை டிராயரில் போட்டேன்.
புதுப் பஞ்சு. நுரைக்கல் தூள். நீலக் களிம்பு.
நான் ஒன்று என்று தொடங்குமுன்பே
அவள் முங்கிவிட்டிருந்தாள்.