நீங்கள் சேமித்தது

ஆறாம் தேதி இரவில்தான்
சிவப்பு அட்டைகள் வந்து சேரும்.
ஷட்டரை இறக்கிவிட்டு
நானும் ரொஹாயாவும் ஏணியைத் தள்ளிக்கொண்டு
ஒவ்வொரு அலமாரியாகப் போவோம்.
நேற்றுவரை பதினெட்டரை வெள்ளிக்கு விற்ற சவர்க்காரத் தூளுக்கு
முதலில் இருபத்தாறு என்று போடவேண்டும்.
பிறகு அதன்மேல் ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே
பத்தொன்பது வெள்ளி தொண்ணூற்றொன்பது காசு.
அந்த ஒரு காசை இந்த நாட்டில்
கண்ணால் பார்த்துப் பல வருடமாயிற்று.
கல்லாவில் அது இருபதாகத்தான் விழும்.

வாசலில் மும்மொழிப் பதாகை.
தமிழில் 'மாபெரும் கழிவு' என்றிருக்கும்.
வெளிநாட்டுத் தமிழர் ஒருவர்
ஒருமுறை படம் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
எங்களுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை.
கழிவென்றால் மலிவு.

ஏழாம் தேதி சம்பளம்.
செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளுக்கு இடையே புகுந்து
சிலிம் ரிவர் பெரிய சாலைக்குக்
கப்சாய்கள் வரத் தொடங்கும்.
முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி.
திரும்பும்போது இருவருக்கும் நடுவில்
முப்பது சுருள் டிஷ்யூ.
எதிரே ஆ சூன் கடையில் ஈ ஓட்டுகிறார்கள்.
அங்கே ஐந்நூற்றைம்பத்தைந்து நோட்டில் கடன் ஏறும்.
ஏறுவது கடன் என்றுதான் அவரும் சொல்வார்.

மில்லில் பாய்லர் பார்க்கும் ஏகாம்பரம் வந்தார்.
தள்ளுவண்டி மனைவி தனபாக்கியத்திடம்.
அவர் கையில்
ரப்பர் வளையம் போட்ட பில் கட்டு.

"தங்கச்சி, கடைசி வரியைப் படி."
படித்தேன்: ஜிமாட், இருபத்து மூன்று வெள்ளி நாற்பது.
"இதுல?"
பதினெட்டு வெள்ளி பத்து.
"பதினொரு மாசம் கூட்டிப் பார்த்துட்டேன்.
ஐந்நூத்து எழுபத்திரண்டு சேமிச்சிருக்கேனாம்.
மோட்டாருக்கு ரோட்டெக்ஸ் எடுக்கணும்.
முந்நூறு மட்டும் குடு,
மிச்சம் இங்கேயே இருக்கட்டும்."

சிரிக்காமல் கேட்டார்.
அதுதான் கஷ்டமாக இருந்தது.
வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.
பிறகு ஒருத்தி தன் பையைத் துழாவி
எதையோ விரித்துப் படித்தாள்.

மேனேஜர் லியாவ் வந்தார். நல்ல மனுஷன்,
தமிழும் கொஞ்சம் வரும்.
"அண்ணே, காசா குடுக்க முடியாது.
மெம்பர் கார்டு தர்றேன்.
வாங்க வாங்கப் புள்ளி ஏறும்."
"புள்ளி வைக்கிறீங்க, சரி" என்றாள் தனபாக்கியம்.
"கோலம் எப்போ போடுவீங்க?"
லியாவும் சிரித்தார், என்னவென்று புரியாமலே.

கார்டை வாங்கிக்கொண்டார்கள்.
வாங்காமல் என்ன, அது இலவசம்.
மொத்தம் நூற்று நாற்பத்தொரு வெள்ளி எழுபது.
நான்தான் சொன்னேன், வாய்ப் பழக்கத்தில்,
இன்னும் எட்டு வெள்ளி முப்பதுக்கு எடுத்தால்
ஒரு வாளி கிடைக்கும் என்று.
ஏகாம்பரம் திரும்பிப் போய்
சார்டின் டின் இரண்டு எடுத்து வந்தார்.

அவர்கள் போனபின்
கல்லாவில் ஒரு பழைய பில் கிடந்தது.
முதுகில் பென்சிலால், இந்த மாதத்துக்கு:
பருப்பு, உப்பு, தேயிலை,
முழங்காலுக்குத் தைலம்.
இன்றைய பில்லை மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.
இருபத்தேழு வரி.
தைலம் இல்லை.
தைலத்துக்கு எந்த மாதமும் நாங்கள்
சிவப்பு அட்டை ஒட்டியதில்லை.

இரவு அறைக்கு வந்து
கட்டிலுக்கடியில் செருப்பைத் தள்ளினால்
ஏதோ உருண்டது.
ஊழியர் சலுகையில் எடுத்த மிளகாய் சாஸ்,
ஆறு புட்டியில் ஒன்று.
வயிற்றுப் புண் வந்ததிலிருந்து
நான் காரமே சாப்பிடுவதில்லை.