நான்கு நிமிடம்

கொறடா ஒதுக்கியது நான்கு நிமிடம்.
சுற்றுலா மசோதாவுக்கு எட்டு தருகிறேன்,
அதைப் பேசுங்களேன் லோகாம்பாள் என்றார், நல்லவிதமாகத்தான்.
வெளியே தென்கிழக்குக் காற்று
கேப் டவுனின் குப்பைத்தொட்டிகளை உருட்டிக்கொண்டிருந்தது.

அவைத்தலைவர் அவர்களே,
ஒன்பது ஆண்டுக்கு முன் இதே அவையில்
'ஆறு மாதத்துக்கு மட்டும்' என்று ஒரு தீர்மானம்.
ஆம் என்றவர்கள் பட்டியலில்
படையாச்சி, எல். என்று இருக்கும். அது நான்தான்.
கை தூக்கிவிட்டுக் கீழே போய்
ஸ்னூக் மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டேன்.
முள் குத்தியதாகக்கூட நினைவில்லை.

பெரிய ஏரிகளுக்கு அந்தப் பக்கம்
பெயர் சொன்னால் நம்மில் பாதிப்பேர்
வரைபடத்தில் தேடும் ஊர் ஒன்றில்
நம் பையன்கள் ஒரு பாலத்தைக் காக்கிறார்கள்.
பாலம் நாலாம் வருடமே வெள்ளத்தில் போய்விட்டது.
காவல் நிற்கிறது.

வரவுசெலவுப் புத்தகத்தில் இந்தப் போருக்குத் தனிப் பக்கம் இல்லை.
'இதர பணிகள்' என்பதன் கீழ்
ஜெனரேட்டர் வாடகைக்கும் கூடாரத் துணிக்கும் நடுவே
துத்தநாகப் பெட்டி, நாற்பது.
மொத்தமாக வாங்கினால் மலிவாம்.

சனிக்கிழமை ஃபீனிக்ஸில் என் அலுவலகத்துக்கு
இனாண்டாவிலிருந்து இரண்டு டாக்ஸி மாறி வந்தார் ஃபிகிலே குமேடே.
மகன் லுங்கெலோவுக்கு இருபத்துமூன்று.
கையில் மூன்று ரசீது. மூன்றும் பூட்ஸ்.
படை கொடுத்தது அடி பிளந்துபோக
வார்விக் சந்தையில் இவர் வாங்கி வாங்கி அனுப்பியவை.
பணம் கேட்டு வரவில்லை என்றார்.
நாட்டுக்கு அவன் கடனா, அவனுக்கு நாடு கடனா,
யாராவது கூட்டிப் பார்த்துச் சொன்னால் போதும்.

இத்தனை உயிர் கொடுத்தபின் பாதியில் விடுவதா
என்கிறார் அமைச்சர்.
முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு என்று
எங்கள் மொழியிலும் ஒரு பேச்சு உண்டு, ஐயா.
ஆனால் நனைந்தவர் எவரும் இந்த அவையில் இல்லை.
நான் முக்காடு கேட்கவில்லை.
மழைக்குள் நிற்பவர்களைக் கூப்பிடச் சொல்கிறேன்.

புறமுதுகு என்று பின்வரிசையில் யாரோ.
வீட்டைப் பார்த்து நடப்பவனுக்கும்
முதுகு பின்னால்தான் இருக்கும், உறுப்பினரே.

நாம் வந்துவிட்டால் அங்கே இருப்பவர்கள்?
இதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை.
முகாம் வேலியோரம் கிழங்கு விற்கும் பெண்கள்
நம் லாரிகள் கிளம்பும் காலையில்
என்ன நினைப்பார்கள் என்று இரண்டு இரவு தூங்கவில்லை.
போன மே மாதம் அவர்கள் ஊர் எரிந்தபோது
நம் வண்டிகளுக்கு டீசல் வந்து சேர்ந்திருக்கவில்லை.
பன்னிரண்டு கிலோமீட்டர்.
புகையைப் பார்த்து
குறிப்பேட்டில் மணி எழுதினார்கள் நம் பையன்கள்.
காப்பதாகச் சொல்லிக்கொண்டு காக்க முடியாமல் நிற்பது
அந்தப் பெண்களிடமும் சொல்கிற பொய்.

ஆரஞ்சு விளக்கு.

லுங்கெலோ கடைசியாக அனுப்பிய குரல்பதிவை
ஒலிக்கவிட அனுமதி கேட்டேன்.
விதியில் இடமில்லை என்றார் தலைவர்.
பதினோரு விநாடி அது. முக்கால்வாசி தவளைச் சத்தம்.
முடிவில் 'மா, இங்கே' என்பதோடு சிக்னல் போய்விடும்.
அதன்பின் வந்து சேர்ந்தது மூன்றாம் ஜோடி,
பெட்டி பிரிக்காமல்.

சரி என்றேன்.
மிச்சமிருந்த பதினோரு விநாடியும்
பேசாமல் நின்றேன்.
யாரோ இருமினார்கள். ஒரு தண்ணீர்க் குவளை நகர்ந்தது.
சிவப்பு.

தீர்மானம் குழுவுக்குப் போயிருக்கிறது.
குழு மார்ச்சில் கூடும்.

மாலையில் அவைப்பதிவு அலுவலகத்திலிருந்து
ஒரு பெண் ஃபோன் செய்தாள்.
உங்கள் உரையின் கடைசியில் பதிவு வெறுமையாக இருக்கிறது,
இயந்திரக் கோளாறா அம்மா?
இல்லை, அது பேச்சுதான் என்றேன்.
கொஞ்ச நேரம் அவளும் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு கேட்டாள்,
எந்த மொழி என்று போடட்டும்?